நாலு ரோட்டில் இறங்கி நடந்தோம்

நாலு ரோட்டைத் தாண்டி அரியலூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. காலில் செருப்பு இல்லை. கையில் ஒரு மஞ்சள் பை. அதில் ஒரு சட்டை, ஒரு டவுசர், ஒரு துண்டு. தார் முடிந்து மண் தொடங்குகிற இடத்துக்கும் வெளியே, கருவேலஞ்செடிகளை உரசிக்கொண்டு நடந்தேன். பின்னால் லாரிச் சத்தம் கேட்டால் நின்றுவிடுவேன். அது கடந்து, தூசி அடங்கிய பிறகுதான் அடுத்த அடி. எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. பெரம்பலூர் நாலு ரோட்டில் நின்றால் வடக்கே போகிற ரோடு எங்கள் ஊருக்கு. அது வேண்டாம் என்பது மட்டும் தெரியும். மற்ற மூன்றில் கால் இந்தப் பக்கம் திரும்பியது. அண்ணனை அடித்த லாரியும் இந்தப் பக்கம்தான் திரும்பியது என்பது வெகுதூரம் வந்த பிறகு உறைத்தது. அதற்காகத் திரும்பிப் போக முடியுமா? நடந்தேன்.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். சைக்கிளில் இரண்டு பேர் போனால் போலீஸ் பிடித்த காலம் அது. டபுள்ஸ் என்பார்கள். கேஸ், அபராதம் எல்லாம் பெரிய ஊர்களில். எங்கள் பக்கம் அவ்வளவு தூரம் போவதில்லை. ஏட்டையா சைக்கிளை நிறுத்துவார், குனிவார், சக்கரத்திலிருந்து வால்டியூபைப் பிடுங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். புஸ்ஸென்று காற்றுப் போகும். அப்புறம் நீங்கள் பாட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு சைக்கிள் கடைக்கு நடக்க வேண்டியதுதான். நாலு ரோட்டில் நின்ற ஏட்டையாவின் பை எப்போதும் புடைத்திருக்கும். "அந்தாளு வெத்தலப் பாக்குன்னு நெனச்சு என்னிக்காச்சும் ஒரு வால்டியூப மென்னுடப் போறாரு" என்பான் அண்ணன்.

எங்கள் ஊர் ரஞ்சன்குடிக்கும் பெரம்பலூருக்கும் நடுவில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. எங்கள் தெரு அந்த ஊரையும் விட்டுத் தள்ளி இருந்தது. நிலம் இல்லாத வீடுகள். அப்பா கல்குழியில் பாறை உடைத்தார். அண்ணனும் அவரோடு போனான். சைக்கிள் வந்தது அம்மாவுக்கு நோய் கண்ட ஆண்டில்தான். லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் அரபு நாட்டுக்குப் புறப்பட்டபோது கொடுத்துவிட்டுப் போன வண்டி. பச்சை நிறம். டைனமோ இருந்தது. சக்கரத்தில் அது உரசும்போது ஒரு தேன்வண்டு கூடவே பறந்து வருவதுபோல் சத்தம் வரும். மணியை அடித்தால் மூன்றாவது வீட்டில் கேட்கும்.

அம்மாவுக்கு நெஞ்சில் நோய். இருமலும் இளைப்பும் மாலைக் காய்ச்சலுமாக வந்து, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நாள் தவறாமல் வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாதக்கணக்கில். ஒரு நாள்கூட விடக் கூடாது. விட்டால் உடம்பு மருந்துக்குப் பழகிப்போய்விடும், பிறகு எதுவும் கேட்காது என்று கம்பவுண்டர் விரலை ஆட்டிச் சொன்னார். டவுன் பஸ் ஒன்று உண்டு. அது வந்து சேர்வதற்குள் ஊசி போடுகிற ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அதுவும் அம்மா பஸ்ஸில் இருமினால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்துகொள்வார்கள். ஒருமுறை கண்டக்டர் நடுவழியில் விசில் ஊதி இறங்கச் சொன்னார். ஆகவே சைக்கிள்தான்.

அண்ணன் ஓட்டுவான். பின்னால் கேரியரில் அம்மா. முன்னால் பாரில் நான். ஊசி போட்ட பிறகு அம்மாவுக்குக் காது இரையும், தலை சுற்றும். கொஞ்ச நேரம் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவர ஓர் ஆள் வேண்டும். அதற்காக நான். என் பள்ளிக்கூடம் நின்றது அப்படித்தான். அதற்காக நான் அழுததாக நினைவில்லை.

அண்ணன் கவனமில்லாமல் ஓட்டிச் செத்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவனைப்போல் கவனமாகச் சைக்கிள் ஓட்டிய ஆளை நான் பிறகு பல ஊர்களில் பார்க்கவில்லை. காலையில் கிளம்புமுன் பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பான். செயினுக்கு எண்ணெய் விடுவான். பின்பக்க மட்கார்டில் வெள்ளைப் பெயிண்ட் அடித்து, அதில் சிவப்புக் கண்ணாடி வில்லை ஒன்று பொருத்தியிருந்தான். கேரியரில் அம்மாவின் கிழிந்த சேலையை மடித்து வைத்து, பழைய டியூபை வெட்டிய ரப்பரால் இறுக்கிக் கட்டியிருந்தான். அம்மா ஏறி உட்கார்ந்ததும் ஒரு காலை ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்ப்பான்.

"முந்தானய இழுத்துச் செருவும்மா. சக்கரத்துல மாட்டிக்கும்."

"செருவிட்டேன்டா. நீ முன்னால பாத்து ஓட்டு."

"காலு?"

"காலு எங்கிட்டதான் இருக்கு. போடா."

பெரிய ரோட்டில் பஸ் பின்னால் ஹாரன் அடித்தால் அவன் வீம்பு பிடிக்கமாட்டான். தாரிலிருந்து மண்ணுக்கு ஒரு சாண் பள்ளம் இருக்கும். ஓடுகிற வண்டியோடு அதில் இறங்கினால் முன்சக்கரம் மடங்கிக் கவிழ்ந்துவிடும். எங்கள் தெருவில் இரண்டு மூன்று பேருக்குப் பல் போனது அப்படி. அண்ணன் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, நிறுத்தி, இறங்கி, வண்டியை மண்ணில் தூக்கி வைத்து, பஸ் போகும்வரை நிற்பான். பஸ்ஸின் காற்று எங்கள் மூன்று பேரையும் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போகும். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். பிறகு மறுபடி ஏறுவோம்.

மிச்சம் இருந்த ஒரே பயம் நாலு ரோடு. அதற்கு எங்கள் பக்கத்துச் சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் ஒரு வழி தெரிந்திருந்தது. ஏட்டையா கண்ணுக்குத் தெரிவதற்கு முன் ஒரு புளியமரம். அங்கே பின்னால் இருப்பவர் இறங்கிவிடுவார். ஓட்டுபவர் தனியாக நாலு ரோட்டைக் கடப்பார். இறங்கியவர் யாரோ எவரோ என்பதுபோல் நடந்து கடப்பார். ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. அந்தப் பக்கம் போனதும் சைக்கிள் மெதுவாகும், நடந்தவர் ஓடிப்போய்த் தாவி ஏறிக்கொள்வார். புருஷன் பெண்டாட்டி, அப்பன் மகன், மாமன் மச்சான் எல்லோரும் நாலு ரோட்டில் அரை நாழிகை உறவை விட்டுவிட்டு நடப்பார்கள். ஏட்டையாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. கையும் களவுமாகச் சிக்கினால்தான் பிடிப்பார்.

அம்மாவுக்கு இது ஆரம்பத்தில் விளையாட்டாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது முன்னால் போகிற அண்ணனைப் பார்க்காமலேயே, உதட்டைக்கூட அசைக்காமல் சொல்வாள்.

"யாரு பெத்த புள்ளயோ, எவ்ளோ ஒழுங்கா சைக்கிள் வுடுது பாரு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

"சிரிக்காதடா. ஏட்டையா பாக்குறாரு."

"நம்ம யாருன்னு அவருக்குத் தெரியாதும்மா."

"நமக்கே தெரியாது. நடடா."

சிரித்தால் இருமல் வரும் அவளுக்கு. சில நாள் நடு ரோட்டிலேயே குனிந்து நின்றுவிடுவாள்.

வெங்காயம் பிடுங்குகிற காலத்தில் ஒருநாள் சிக்கிக்கொண்டோம். அந்தப் பக்கம் போய் அம்மா ஏறப்போகும்போது ஏட்டையா ஒரு டீக்கடையிலிருந்து வெளியே வந்தார். கையில் டம்ளர்.

"தம்பி, நில்லு. யாரு இது?"

அண்ணன் மரத்துப்போய்விட்டான். "தெரியாதுங்கய்யா."

"தெரியாதா?"

"தெரியாதுங்க."

"தெரியாதவங்களத்தான் தெனம் ஏத்திக்கிட்டுப் போறியா? தங்கமான மனசுடா ஒனக்கு." டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். "ஏம்மா, ஒனக்காச்சும் தெரியுமா இவன?"

அம்மா தலை குனிந்துகொண்டாள். ஊசிக்குப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நோயின் பெயர் வெளியே தெரிந்தால் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடமாட்டார்கள். அண்ணனுக்கு அந்த வைகாசியில் பெண் பார்ப்பதாக இருந்தது, பெண் கொடுக்கமாட்டார்கள். ஏற்கனவே தள்ளி இருக்கிற தெருவில், அதிலும் ஒரு வீட்டை இன்னும் தள்ளி வைப்பார்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதே சந்தைக்குப் போவதாகத்தான் தெருவில் பேச்சு. ஆகவே யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏட்டையா டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, முன்னும் பின்னும் இரண்டு வால்டியூபையும் பிடுங்கிக்கொண்டார்.

அன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜன்னல் சாத்தியிருந்தது. அண்ணன் கதவைத் தட்டிக் கெஞ்சினான். உள்ளே இருந்து கம்பவுண்டர், "ஒரு நாளு போச்சு. இன்னொரு நாளு போனா என்னைக் கேக்காதீங்க" என்றார். வீட்டு வாசலில் வந்து அண்ணன் சொன்னான்: "இனிமே அந்தாளு கண்ணுலயே படமாட்டேன்."

மறுநாளிலிருந்து புளியமரம் வரை போகவில்லை. அதற்கு வெகு முன்னாலேயே எங்களை இறக்கிவிட்டான். அம்மா கூடுதலாக நடந்தாள். நின்று நின்று நடந்தாள். அண்ணன் தனியாகப் போகும்போதும் ஏட்டையா முகம் பார்த்துவிடக் கூடாது என்று ஒளிந்து ஒளிந்து போனான். மாட்டுவண்டி போனால் அதன் மறைவில் போவான். வைக்கோல் பாரம் போனால் இன்னும் வசதி. எங்கள் மூன்று பேருக்கும் அப்போது ரோட்டில் ஆபத்து என்றால் அது ஒரு காக்கிச் சட்டை. வேறு எதையும் நாங்கள் அப்படி அஞ்சிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. எங்களை இறக்கிவிட்டு அவன் முன்னால் போனான். நாலு ரோட்டில் ஒரு லாரி நின்றிருந்தது என்று பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். பாரம் ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கட்டிய லாரி. ஏட்டையா ரோட்டின் நடுவில், லாரியின் வலது பக்கம் இருந்தார். அண்ணன் லாரியின் இடது பக்கம் போய் ஒண்டிக்கொண்டான். உயரமான வண்டி. அந்தப் பக்கம் நின்றால் ஏட்டையாவுக்கு ஒரு முடிகூடத் தெரியாது. நல்ல மறைவு என்று நினைத்திருப்பான். நானாக இருந்தாலும் அங்கேதான் நின்றிருப்பேன்.

அந்தக் காலத்தில் லாரிக்காரர்கள் கையைக் காட்டித்தான் திரும்புவார்கள். வலது ஜன்னல் வழியாகக் கை வெளியே வரும். அது ஏட்டையாவுக்குத் தெரிந்திருக்கும். எதிரில் வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். இடது பக்கம் நின்றவனுக்குத் தெரிய வழியில்லை. லாரி இடது பக்கமாக அரியலூர் ரோட்டுக்குத் திரும்பியது.

பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. ஒரு தகர டப்பாவை மிதித்ததுபோல் ஒரு சத்தம். பிறகு மணி ஒருமுறை, யாரும் அடிக்காமல், அரைகுறையாக அடித்தது.

நானும் அம்மாவும் அப்போது நாலு ரோட்டை நெருங்கியிருந்தோம். நாங்கள் பார்க்கவில்லை. அந்த இடத்தில் அண்ணன் இருக்கும் பக்கம் பார்ப்பதில்லை என்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. ஆட்கள் ஓடினார்கள். அம்மா என் கையை இறுக்கிக்கொண்டு, நேராகப் பார்த்தபடி, நடந்துகொண்டே இருந்தாள். நானும் நடந்தேன். எவ்வளவு தூரம் நடந்தோம் என்று எனக்குத் தெரியாது. கூடை தூக்கி வந்த ஒரு பெண் ரோட்டோரத்தில் வாயில் கையை வைத்துக்கொண்டு கத்தினாள்.

"ஐயோ, யாரு பெத்த புள்ளயோ!"

அம்மா நின்றாள். பிறகுதான் திரும்பினாள்.

ஏட்டையாதான் அவனைத் தூக்கினார். அவர் சட்டைப் பை கிழிந்து வால்டியூப்கள் ரோட்டில் சிதறிக் கிடந்தன. "யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்கீங்களா? இவனத் தெரிஞ்சவங்க?" என்று கத்திக்கொண்டிருந்தார். அம்மா அவர் முன்னால் போய் நின்று, "எம் புள்ளங்கய்யா, எம் புள்ள, எம் புள்ள" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பிறகு எந்தப் போலீஸ்காரரிடமும் பார்த்ததில்லை.

அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். பிண அறை பின்பக்கம், வேப்பமரத்தடியில். அம்மா அந்த வாசலில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அழுகை ஓய்ந்து இருமல் பிடித்துக்கொண்டது. கம்பவுண்டர் அந்தப் பக்கமாக வந்தவர் அவளைப் பார்த்து நின்றார். செத்தது யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தினமும் ஜன்னலில் வந்து நின்றவன்தானே. உள்ளே போய் ஊசியைக் கொதிநீரிலிருந்து எடுத்து மருந்து ஏற்றிக்கொண்டு வந்தார்.

"கைய நீட்டும்மா. இன்னிக்கு விட்டுடக் கூடாது."

அம்மா கையை நீட்டினாள். உள்ளே அண்ணன் கிடந்தான். ஸ்பிரிட் வாசனை எனக்கு இன்றும் பிடிக்காது.

ஏட்டையா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா வந்த பிறகு அவரிடம் வந்து, "ஊசிக்குத்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வுட்டுருப்பேன்யா. சத்தியமா வுட்டுருப்பேன்" என்றார். விட்டிருப்பாரோ மாட்டாரோ எனக்குத் தெரியாது.

சைக்கிளுக்குப் பெரிய சேதமில்லை. பின்சக்கரம் கொஞ்சம் கோணியிருந்தது, அவ்வளவுதான். ஸ்டேஷனிலிருந்து அப்பா அதைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்; உருட்டிக்கொண்டு வரவில்லை. வீட்டு விட்டத்தில் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டார். படுத்தால் சக்கரம் நேர்மேலே தெரியும்.

"இந்த வூட்ல இனிமே எவனும் சைக்கிள் ஏறக் கூடாது" என்றார். "ஒருத்தனக் குடுத்தாச்சு. போதும்."

"அம்மாவுக்கு ஊசிப்பா?"

"பஸ்ஸுல போவட்டும்."

பஸ் எந்த நேரத்துக்கு வரும் என்பது அவருக்குத் தெரியும். கம்பவுண்டர் சொன்னதும் தெரியும். ஆனால் ஒரு பிள்ளையை லாரிச் சக்கரத்திலிருந்து உரித்து எடுத்திருந்தார்கள், அந்த உடம்பை அவர் கண்ணால் பார்த்திருந்தார். மருந்து விட்டுப்போவதால் ஒருத்தி சாவது அப்படிக் கண்ணுக்குத் தெரிகிற சாவு இல்லை. இன்று எனக்கு அவர் வயதைத் தாண்டிய வயது. அவர் மிச்சம் இருந்த பிள்ளையைக் காப்பாற்றத்தான் பார்த்தார். அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு, சைக்கிளைக் கட்டித் தொங்கவிடுவது.

அம்மா இரண்டு மூன்று நாள் நடந்தே போனாள். ஒருநாள் வழியில் உட்கார்ந்துவிட்டாள். வெங்காய வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து போட்டார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் போவாள், நாலு நாள் போகமாட்டாள். பிறகு போவதே இல்லை. "ஒடம்பு இப்ப பரவால்லடா, இருமல் கொறஞ்சிருக்கு" என்பாள். உண்மையில் கொஞ்ச காலம் குறைந்துதான் இருந்தது.

எனக்கு அரைப் பெடல் தெரியும். பாருக்குக் கீழே காலை விட்டு நெளிந்து நெளிந்து ஓட்டுவேன். ஒரு காலையில் அப்பா கல்குழிக்குப் போன பிறகு அம்மாவிடம் சொன்னேன்.

"நான் கூட்டிட்டுப் போறேம்மா."

"ஒனக்கு சீட்டுக்கே காலு எட்டாது."

"நீ ஏற வேணாம். கேரியரப் புடிச்சிக்கிட்டு நட. முடியலன்னா கேரியர்ல ஒக்காரு, நான் தள்ளிக்கிட்டு வரேன்."

அவள் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து அரிவாள்மனையை எடுத்துத் தானே கயிற்றை அறுத்தாள். இரண்டு பேருமாக இறக்கினோம். சக்கரம் கோணல் என்பதால் சுற்றுக்கு ஒருமுறை மட்கார்டில் உரசியது. அண்ணன் கட்டிய சேலை மடிப்பு கேரியரில் அப்படியே இருந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். காய்ந்த முருங்கைக் கிளை மாதிரி கனமே இல்லை. பழக்கத்தில் நானும் சொன்னேன்:

"முந்தானய செருவும்மா."

அவள் செருகிக்கொண்டாள்.

மண்பாதையில் நன்றாகத்தான் தள்ளிக்கொண்டு போனேன். பெரிய ரோடு வந்தது. தாரில் ஏற்ற வேண்டி நின்றோம். அப்போது வடக்கேயிருந்து ஒரு லாரி வந்தது. தூரத்தில்தான். ஹாரன்கூட அடிக்கவில்லை. கேரியர் நடுங்குவதை நான் ஹாண்டில்பாரில் உணர்ந்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா இரண்டு கையாலும் கேரியர் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"வேணாண்டா" என்றாள். "வேணாம். வூட்டுக்குப் போயிரலாம்."

"ஒண்ணும் ஆவாதும்மா. நான் ஓரமாத்தான்..."

"அவனும் ஓரமாத்தான்டா போனான்."

திரும்பிவிட்டோம். சக்கரத் தடம் வாசல் மண்ணில் இருந்ததை மாலையில் அப்பா பார்த்துவிட்டார். யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு கல்குழிப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். வேலை முடிந்து கைவிட்ட ஒரு பழைய குழி. மழைத் தண்ணீர் பச்சையாக நின்றது, ஆழம் யாருக்கும் தெரியாது. விளிம்பில் நின்று தலைக்கு மேல் தூக்கிப் போட்டார். அவர் போன பிறகும் நான் நின்றேன். தண்ணீரில் கொஞ்ச நேரம் குமிழி வந்தது. டயரில் இருந்த காற்றாக இருக்கும். அண்ணன் அடித்த காற்று.

அம்மா ஆவணியில் போனாள். கடைசி நாட்களில் பேச்சு இல்லை. இளைத்து, பாயோடு பாயாகக் கிடந்தாள். நோய் என்னவென்று அதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. நாங்கள் பயந்தபடி யாரும் தண்ணீருக்குத் தடை போடவில்லை. பக்கத்து வீட்டு அத்தைதான் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து ஊட்டினாள். "அடப் பாவிகளா, இதுக்கா மூடி மூடி வச்சீங்க? எம் புருசனுக்கும் இதேதான்டா இருந்திச்சு. நானும்தான் மூடி வச்சேன்" என்று அழுதாள். ஒரே தெருவில் இரண்டு வீட்டில் ஒரே சமயத்தில் ஒரே நோயை இரண்டு பேரும் ஒளித்து வைத்திருக்கிறோம். அவள் புருஷனுக்கும் ஒரு சைக்கிள் இருந்தது. சேர்ந்து போயிருக்கலாம். ஆளுக்கொரு நாள் அழைத்துப் போயிருக்கலாம். அண்ணன் தனியாக அந்த ரோட்டில் தினம் தினம் போயிருக்க வேண்டாம். என்னென்னவோ செய்திருக்கலாம்.

காரியம் முடிந்த மறுநாள் நான் பையை எடுத்தேன். அப்பா கல்லுளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். வாசலைத் தாண்டும்போது பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை. இருந்து என்ன செய்வாய் என்று அவருக்கும் தோன்றியிருக்கும். தெருமுனை திரும்பும்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"ஓரமாப் போடா!"

அவரிடமிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தை அது. நான் திரும்பி வந்தபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அது வேறு கதை.

அரியலூர் ரோட்டில் நடந்தவரைக்கும் அவர் சொன்னபடிதான் நடந்தேன். கரிசல் காடுகளில் பருத்தி பூவெடுத்திருந்தது. ஒரு கிணற்றடியில் தண்ணீர் கேட்டேன். என்ன ஆளு என்று கேட்டுவிட்டுக் கைக்கு ஊற்றினார்கள். ஒரு மாட்டுவண்டிக்காரர் கொஞ்ச தூரம் ஏற்றிக்கொண்டார். அரியலூர் நெருங்க நெருங்க ரோட்டோரச் செடிகளெல்லாம் வெளுத்துப்போய், மாவு தூவியதுபோல் நின்றன. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக சிமெண்ட் ஆலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. ரயில் கூவியது. இருட்டும் நேரத்தில் லாரிகள் நிற்கிற ஒரு வெட்டவெளிக்கு வந்து, டீக்கடைக்குப் பின்னால் சாக்கு மேல் சுருண்டுகொண்டேன்.

விடிந்ததும் யாரோ காலால் லேசாகத் தட்டினார்கள். ஒரு டிரைவர். லுங்கியை மடித்துக் கட்டி, வேப்பங்குச்சியை மென்றுகொண்டிருந்தார்.

"எந்த ஊருடா?"

"பெரம்பலூரு பக்கங்க."

"ஓடியாந்துட்டியா?"

"இல்லீங்க. நடந்து வந்தேன்."

அவர் சிரித்தார். "எங் கிளீனரு நேத்து ஊருக்குப் போயிட்டான், வரமாட்டான்போல. ஏறுறியா? சோறு வாங்கித் தரேன்."

"கல்லு அள்ளணுங்களா?"

"அதெல்லாம் ஒன்னால ஆவாது. இடது பக்கக் கதவோரம் ஒக்காந்து ரோட்டப் பாக்கணும். அவ்ளோதான்."

"எதுக்குங்க?"

அவர் என்னை வண்டிக்கு முன்னால் அழைத்துப் போனார். ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னை இடது பக்கம் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னார். நின்றேன். சக்கரம் என் நெஞ்சு உயரம் இருந்தது.

"எங்கடா இருக்க?" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார்.

"இங்கதாங்க. பக்கத்துலயே."

"எனக்குத் தெரியல பாத்தியா? நீ நிக்கிற மூலையில எனக்குக் கண்ணே கெடையாது. கண்ணாடி பாதி தூசி, பாதி வானம். சைக்கிள்காரன் தெரியாம வந்து அங்கதான் நிப்பான். நான் திரும்பினா முடிஞ்சிது கதை. ஆளு தெரிஞ்சா கதவ ஓங்கித் தட்டு. என்ன?"

நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். தலையைத் தூக்கிப் பார்த்தேன். தகரமும் வானமும்தான் தெரிந்தன.

"என்னடா சத்தத்தக் காணோம்? இருக்கியா?"

"இருக்கேங்க."

"அப்ப ஏறு."

ஏறினேன். கதவுக்கு வெளியே தலையையும் ஒரு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் என்ஜினை முடுக்கினார். வண்டி உதறியது. நகர்வதற்கு முன்னாலேயே நான் கதவை ஓங்கித் தட்டினேன். அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு திரும்பினார்.

"யாருடா?"

ரோட்டில் யாரும் இல்லை.

"யாரும் இல்லீங்க. ஒங்களுக்குக் கேக்குதான்னு பாத்தேன்."

"கேக்குது, கேக்குது" என்றார்.

இன்னொருமுறை தட்டினேன். வண்டி நகர்ந்தது.